சீமைக்குப் பயணம் சொன்ன செல்லசாமி அப்பு

செல்லசாமியைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்கலாமே என்று நானும் யோசித்துப் பார்த்தேன். அவன் செய்கிற முட்டை புடிங் நன்றாக இருக்கும் என்று துரைமார் சொல்வார்கள். நான் அதைச் சாப்பிட்டதில்லை. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

திம்புள்ளப் பக்கத்தில், தலவாக்கலையிலிருந்து மலையேறிப் போகிற ஒரு தோட்டத்தில் அவன் பெரிய துரை பங்களாவுக்கு அப்பு. அப்பு என்றால் சமையல்காரன்தான். ஆனால் சமையல்காரன் என்று அவன் காதுபடச் சொன்னால் ஒரு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான். நான் அதே தோட்டத்து ஸ்டோரில், தேயிலைத் தொழிற்சாலையைத்தான் அப்படிச் சொல்வோம், கொழுந்து அரைக்கிற ரோலரில் வேலை பார்த்தேன். அவன் பெண்டாட்டியும் பிள்ளையும் இருந்த காம்பரா, லயத்து வரிசையில் என் காம்பராவுக்கு அடுத்த அறை. இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அந்தச் சுவரும் கூரையைத் தொடாது. பங்களாவில் துரைக்குப் பகல் சாப்பாடு முடிந்ததும் செல்லசாமி இறங்கி வருவான். வந்து அவன் அளக்கிற அளப்பையெல்லாம் நான் காசு கொடுக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவன் ஒன்றும் வானத்திலிருந்து குதித்தவன் இல்லை. அவனுடைய அப்பாவும் என்னுடைய அப்பாவும் சேர்ந்து தேயிலை மலையில் தண்ணீர் வடியக் கான் வெட்டியவர்கள். செல்லசாமி விறகு சுமந்துகொண்டு பங்களாக் குசினிக்குப் போனவன், அங்கேயே பாத்திரம் கழுவ நின்றுவிட்டான். பழைய அப்பு செத்துப் போனதும் அந்த வெள்ளைக் கோட்டு இவன் தோளில் ஏறியது. கோட்டு ஏறின அன்றைக்கே நாங்களெல்லாம் அவன் கண்ணுக்குப் புழுக்களாகிவிட்டோம். காளியாயி, அதுதான் என் மனைவி, சுடச்சுட ரொட்டி தட்டிக் கொடுத்தால், "இதெல்லாம் வயித்துக்கு ஆகாதுங்க, கூலிச் சாப்பாடு" என்பான். சொல்லிக்கொண்டே இரண்டு ரொட்டியை விழுங்குவான்.

ஐம்பதாம் வருஷக் கிறிஸ்மஸ் விருந்தில்தான் அவனுக்குப் பித்துப் பிடித்தது. பக்கத்துத் தோட்டத்துத் துரைமாரெல்லாம் வந்திருந்தார்கள். புடிங்கைத் தின்று, விஸ்கியைக் குடித்து, எல்லோருக்கும் மனசு இளகியிருந்த நேரம். பெரிய துரை செல்லசாமியைச் சாப்பாட்டு மேசைக்கே கூப்பிட்டு, "அப்பு, நம்ம சீமைக்குத் திரும்பிப் போறப்ப நீயும் வா. மூணு வருசம் நம்ம வீட்டுல இரு. துரைசானிக்கு ஒரு முட்டைகூட அவிக்கத் தெரியாது" என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். துரைசானியும் சிரித்தாளாம்.

மறுநாள் காலைப் பெரட்டில் ஆளுக்கு வேலை பிரிக்கும் முன்பே தோட்டம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. துரை எப்போது சீமைக்குப் போகப் போகிறார் என்று யாரும் கேட்கவில்லை. அவருக்கு வேலை ஓய்வுக்கு இன்னும் ஆறேழு வருஷம் கிடந்தது. செல்லசாமிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அன்றிலிருந்து அவன் எங்களோடு இருந்தவன் இல்லை. கோச்சிக்குக் காத்திருக்கிறவன் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது போலத்தான் லயத்தில் உட்கார்ந்திருந்தான்.

அதற்கு அடுத்த வருஷந்தான் பிரஜாவுரிமைக்கு மனுப் போடுகிற கெடு வந்தது. சுதந்திரம் வந்த சூட்டோடு, நீங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று எங்களுக்குச் சட்டம் போட்டுவிட்டிருந்தார்கள். இத்தனை வருஷமாக இந்த மண்ணைவிட்டு நகராமல் இருந்தோம், இனியும் இங்கேயேதான் இருப்போம் என்று எழுதிக் கொடுத்துக் கெஞ்சினால், பார்த்துப் போடுவார்களாம். பிறந்த வீட்டில் இருப்பதற்கு அனுமதி கேட்டு நாங்கள் வரிசையில் நின்றோம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஆனாலும் நின்றேன். வேறு என்ன செய்ய?

சங்கத் தலைவர் கந்தப்பன், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற காம்பராவில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் எழுதிக் கொடுத்தார். லயத்தில் எல்லோரும் போனார்கள். செல்லசாமி போகவில்லை. அவன் பெண்டாட்டி பேச்சியம்மா கொழுந்தெடுக்கிறவள், குரலே உயர்த்தாதவள். அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அவனிடம் மன்றாடியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"ஏங்க, எல்லாரும் போறாங்க. நீங்களும் ஒரு எட்டுப் போயி எழுதிக் குடுத்துட்டு வாங்களேன்."

"அறிவிருக்கா ஒனக்கு? இங்கயே இருப்பேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு, அப்பறம் எப்புடிடீ நான் சீமைக்குப் போறது? கப்பல்ல ஏறுறப்ப இந்தக் கடுதாசியக் காட்டிப் புடிச்சுக்குவான்."

"ஒங்களுக்கு வேணாம்னா வேணாங்க. எனக்கும் நாகுவுக்குமாச்சும் போடுங்க."

"புருசன் பேருலதான் எல்லாம். நான் போட்டாத்தான் ஒனக்கும் அவளுக்கும்."

"நாளைக்கு ஒருத்தன் வந்து வெளிய போன்னு சொன்னா, அந்தப் புள்ளய வச்சுக்கிட்டு நான் எங்கங்க போவேன்?"

"துரைகூடப் போறவன் பொண்டாட்டிய எவன்டி வெளிய போன்னு சொல்லுவான்?"

அவர்களுக்கு ஒரே மகள், நாகலெட்சுமி. அப்போது அவளுக்குப் பத்து வயசு இருக்கும். பேச்சியம்மாவுக்கு இருந்த பயமெல்லாம் அவளைப் பற்றித்தான். கந்தப்பனே பொறுக்க முடியாமல் ஒரு தரம் வீடு தேடி வந்தார். செல்லசாமி அவரை உட்காரச் சொல்லவில்லை. "தலைவரே, இதெல்லாம் போக்கிடம் இல்லாதவங்களுக்கு. எனக்குப் போக்கிடம் இருக்குங்க" என்றான். கந்தப்பன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். கெடு முடிந்தது.

பிறகு நடந்த கூத்தை எங்கிருந்து சொல்ல? துரை கழித்துப் போட்ட சப்பாத்து ஜோடி ஒன்றை வாங்கிவந்து, அதற்குள் பழந்துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டு லயத்து வாசலில் மேலும் கீழும் நடப்பான். சோற்றை முள்ளுக்கரண்டியால் குத்தித் தின்பான். பருப்பைக் குத்த முடியாது அல்லவா, அது அவன் மடியில் ஒழுகும். பேச்சியம்மா சத்தம் போடாமல் துடைத்துவிடுவாள். நாகலெட்சுமியை ஓடையில் துணி துவைக்கிற பெண்களோடு பேசக் கூடாது என்று கண்டித்து வைத்திருந்தான். அந்தப் பிள்ளை தனியாக ஒரு கல்லில் உட்கார்ந்து துவைத்துக்கொண்டிருக்கும். சீமைக்குப் போகப் போவது அவனாம், தள்ளி வைக்கப்பட்டது அவள்.

ஒரு முறை துரையின் பழைய கம்பளிக் கோட்டு ஒன்று கிடைத்தது. சீமைக் குளிரைத் தாங்க முடியுமா என்று பார்க்க வேண்டும் என்றான். எங்கள் தோட்டத்துக் குளிர் அவனுக்குப் போதவில்லையாம். கோச்சியேறிப் பட்டிப்பொலைக்குப் போனான். அதைவிட உயரத்தில் ஸ்டேஷன் கிடையாது. இறங்கி, கோட்டை மாட்டிக்கொண்டு, திரும்புகிற கோச்சி வரும்வரை மூடுபனிக்குள் மேடையிலேயே நின்றிருக்கிறான். தண்டவாளத்தில் விழப் பார்க்கிற ஆளோ என்று ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சந்தேகம். கேட்டதற்கு, "லண்டனுக்குப் பழகுறேங்க" என்று சொன்னானாம். மாஸ்டர் ஒரு போர்ட்டரைப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டார். வீடு வந்து ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தான். பேச்சியம்மா கொத்தமல்லித் தண்ணீர் வைத்துக் கொடுத்துவிட்டுக் கொழுந்தெடுக்க மலைக்கு ஓடுவாள், மறுபடி ஓடிவருவாள். காய்ச்சல் விட்டதும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "கோட்டு பரவால்ல".

இதற்கிடையில் எங்கள் மனுக்கள் விசாரணைக்கு வந்தன. எனக்கும் காளியாயிக்கும் கிடைத்தது. ரோலரில் என்னோடு வேலை செய்த பொன்னையாவுக்குக் கிடைக்கவில்லை. தாய் சாவுக்கு இந்தியாவுக்கு, ஊருக்குப் போனவன் அங்கே காய்ச்சலில் படுத்து, திரும்ப நாளாகிவிட்டது. அதுதான் குற்றம். கேட்டவர்களில் பெரும்பாலானவர்களைத் தட்டிக் கழித்தார்கள், அதற்கு அவர்களுக்குக் காரணம் கிடைக்காமலா போகும்? செல்லசாமி இதைக் கேள்விப்பட்டு, "பாத்தியா சின்னராசா, போட்டவனுக்கும் நாமந்தான்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தான். பொன்னையா மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தவன். இவனுக்கு அது சிரிப்பு.

துரை இவனை விட்டுவிட்டுத்தான் போவார் என்று நான் நிச்சயமாக நம்பினேன். ஸ்டோரில் எல்லோரிடமும் சொல்லியும் வைத்திருந்தேன். என் கணக்கு தப்பிவிட்டது. ஐம்பத்தேழில் துரைக்கு ஓய்வு வந்தது. அவர் செல்லசாமியைக் கூப்பிட்டு, "அப்பு, ரெடியா? மூணு வருசம். கப்பல் செலவு நம்ம பார்த்துக்கும். நீ கொழும்புக்குப் போயி பாஸ்போட்டு எடுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டார். வெள்ளைக்காரன் சொன்ன சொல்லைக் காப்பாற்றித் தொலைத்தான். செல்லசாமி என் காம்பரா வாசலில் வந்து நின்று என்னை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வைக்காக அவனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

எங்கள் லயங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கப்பலேறப் போகிறார் என்றால் வீட்டுக்கு வீடு கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார்கள். அவர் சாப்பிட்டு எழுந்து, வாசலில் நின்று பயணம் சொல்லிக்கொள்ள வேண்டும். பயணம் சொன்ன ஆளைப் பாதி போய்விட்டவராகவே நினைப்போம், சண்டை சச்சரவு இருந்தாலும் அதோடு முடித்துக்கொள்வோம். கப்பல் டிக்கட் கைக்கு வந்த பிறகு செய்கிற காரியம் இது. செல்லசாமி பாஸ்போர்ட் எடுக்கப் போவதற்கு முன்னாலேயே தொடங்கிவிட்டான். யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? முறை அப்படி. ஒரு வீடு விடாமல் தின்றான். பொன்னையா வீட்டிலும் தின்றான். எங்கள் வீட்டில் காளியாயி முட்டையிடுகிற கோழியை அடித்துக் குழம்பு வைத்தாள். "சீமையில கோழிய இப்புடி மொளகாயில முக்கி எடுக்கமாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே எலும்பைக்கூட விடாமல் சப்பினான். பிறகு வாசலில் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போயிட்டு வாரேன் தங்கச்சி" என்றான். காளியாயி அழுதுவிட்டாள். எனக்கு அந்தக் கோழியை நினைத்துத்தான் அழுகை வந்தது.

மாரியம்மன் கோயிலில் பூசை நடந்தது, மாலையும் போட்டார்கள். அந்த மாலையோடேயே கொழும்புக் கோச்சியில் ஏறினான். எனக்குக் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் மச்சான் வீடு இருந்தது, சிங்களமும் கொஞ்சம் பேசுவேன். அதனால் பேச்சியம்மா என்னிடம் வந்து, "அண்ணே, நீங்களும் கூடப் போயிட்டு வாங்க. அவருக்குப் பேசத் தெரியாது" என்று கேட்டாள். அவளுக்காகத்தான் போனேன். வழியெல்லாம் அவன் பெட்டியை நான்தான் தூக்கினேன்.

கொழும்பில் முதலில் போன பாஸ்போர்ட் கந்தோரில் ஒரு சிங்கள ஐயா உட்கார்ந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. எந்த நாட்டுப் பிரஜை என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"தலவாக்கலன்னு சொல்லு" என்றான் செல்லசாமி.

"நாட்டைக் கேக்குறாரு."

"பெரிய துரை பங்களா அப்புன்னு சொல்லு. துரை பேரைச் சொன்னா வெளங்கிக்குவாரு."

சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. மனுப் போட்டு பிரஜாவுரிமை எடுத்திருக்கிறானா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியென்றால் இவன் இந்தியாக்காரன், அவர்களுடைய கந்தோருக்குப் போய்க் கேட்கட்டும் என்று அனுப்பிவிட்டார்.

அங்கே போனோம். அங்கே இருந்தவர் தமிழ்க்காரர், நெற்றியில் திருநீறு. செல்லசாமிக்கு உயிர் வந்தது.

"ஒங்களுக்கு எந்த ஊருங்க?" என்று அவர் கேட்டார்.

"தலவாக்கலைங்க."

"அது இல்லைய்யா, இந்தியாவுல."

"திருச்சிப் பக்கம்னு எங்கப்பா சொல்லுவாருங்க."

"திருச்சிப் பக்கம்னா? கிராமம்?"

செல்லசாமி என்னைப் பார்த்தான். எனக்கு எப்படித் தெரியும்? என் அப்பாவின் ஊரே எனக்குத் தெரியாது.

"அங்க போயிருக்கீங்களா? சொந்தக்காரங்க இருக்காங்களா? எங்ககிட்ட எப்பவாவது பதிஞ்சிருக்கீங்களா?"

எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றான். அவர் பெருமூச்சு விட்டார். "அப்பறம் ஒங்களை எங்க ஆளுன்னு நான் எப்படிங்க எழுதுறது?" என்று சொல்லிவிட்டு, எங்களுக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார்.

மறுநாள் மறுபடியும் முதல் கந்தோருக்கே போனோம். செல்லசாமி அந்தக் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தான். கொழும்பு வெயிலில் வேர்த்துக் கொட்டியது. கோட்டைப் பார்த்தால் மரியாதை கொடுப்பார்கள் என்று அவன் எண்ணம். சிங்கள ஐயாவுக்கு எங்களைப் பார்த்ததுமே சலிப்பு வந்துவிட்டது. நான் இந்தியக் கந்தோரில் சொன்னதைச் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, என்னிடம் சிங்களத்தில் சொன்னார். இவன் இந்த நாட்டுக்காரனும் இல்லை, அந்த நாட்டுக்காரனும் இல்லை. வெளிநாட்டுக்குப் போக வேண்டும் என்று இங்கே வந்து நிற்கிறான். அவன் இப்போது இருப்பதே வெளிநாட்டில்தான் என்று அவனுக்கு எடுத்துச் சொல்லு.

"என்னாவாம்?" என்றான் செல்லசாமி.

இத்தனை வருஷமாக அவன் மூக்கு உடைவதைப் பார்க்க ஆசைப்பட்டவன் நான். அதை என் வாயாலேயே சொல்கிற வாய்ப்பு வந்தபோது அந்த ஆசை போய்விட்டது. இருந்தாலும் சொன்னேன்.

"நீ இப்ப இருக்கிறதே வெளிநாட்டுலதானாம்."

அவன் சிரித்தான். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டான். "சரியாக் கேளுய்யா" என்றான். நான் சரியாகத்தான் கேட்டிருந்தேன். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, "ஒனக்குச் சிங்களம் அரைகொறை. நீதான் காரியத்தைக் கெடுத்துட்ட" என்று என்மேல் பாய்ந்தான். அவனுக்காகப் பெட்டி தூக்கின கைக்கு அதுதான் கூலி.

தோட்டத்துக்கு வந்து துரையிடம் சொன்னான். துரை ஓரிடத்துக்கு எழுதிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. "பாவம் அப்பு" என்றார். இருபது வருஷம் தனக்குச் சமைத்துப் போட்டவனுக்கு நாடு இல்லை என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரியுமாம். தோட்டத்தில் இருக்கிற தேயிலைச் செடி ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைத்திருந்த மனிதர். அவருடைய நாய்க்குப் பயணக் கடுதாசி சுலபமாகக் கிடைத்துவிட்டது.

துரையின் கார் இறங்கிப் போன அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது. செல்லசாமி பங்களா வளைவில் நின்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு லயத்துக்கு வந்தான். வருகிற துரை சொந்தமாக ஓர் அப்புவைக் கூட்டிக்கொண்டு வருகிறாராம். இனி இவனுக்குத் தேயிலைச் செடியைக் கழிக்கிற கவ்வாத்துக் கத்தியா, மண்வெட்டியா என்பதைக் கங்காணிதான் முடிவு செய்ய வேண்டும். அவமானத்தில் ஒரு நாளாவது வாயை மூடிக்கொண்டு இருப்பான் என்று எதிர்பார்த்தேன். அவனா? வாசலில் நாலு பேர் கூடியதும் தொடங்கிவிட்டான்.

"தொரை அங்க போனதும் நேரா அவங்க பெரிய ஆளுககிட்டப் பேசி வரவழைப்பாரு. அடுத்த கோடைக்கு நான் சீமையிலதான். மூணு வருசங்கிறது கம்மி. அஞ்சு வருசம் இருக்கலாம்னு பாக்குறேன்."

கோடிக் காம்பரா ராக்காயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொன்னையா எழுந்து போய்விட்டான். நானும் ஏதோ குத்தலாகச் சொல்ல வாயெடுத்தேன்.

பேச்சியம்மா மலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். நனைந்த படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கொழும்பில் நடந்ததையெல்லாம் நான் அவளுக்கு வந்த அன்றே சொல்லியிருந்தேன். அதுவரை அவள் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாகலெட்சுமி உள்ளே அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். குமரியாகிவிட்டாள். போன மாதம் அக்கரப்பத்தனைப் பக்கமிருந்து அவளைப் பெண் கேட்டு வந்தவர்கள், பிரஜாவுரிமை இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போயிருந்தார்கள்.

பேச்சியம்மா சாக்கைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"ஏங்க, அங்க மூணு வருசமா அஞ்சு வருசமான்னு பேசிக்கிட்டிருக்கீங்களே. இங்க நாம எத்தன வருசத்துக்கு வந்திருக்கோம்? அந்தக் கந்தோர்ல அதையாச்சும் கேட்டுக்கிட்டு வந்தீங்களா?"

வாசலில் ஒருவரும் சிரிக்கவில்லை. செல்லசாமி அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு உள்ளே அடுப்படியில் இருந்த மகளைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் சீமையைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.